கல்லில் எழுதிய கோடு

(பார்சுவநாதர் மோட்ச கல்யாண விழாவை ஒட்டிக் கண்டாச்சிபுரத்தில் நிகழ்த்திய உரை)



சம்மேதகிரி யாத்திரை சென்று வந்தோர் பாரசநாத் இரயில் நிலையத்தை மறந்திருக்கமாட்டார்கள். அங்கிறங்கி மதுவனம் சேர்ந்து, விடியுமுன் மலையேறி, இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய சிகரங்களை வணங்கித் திரும்புவர். அதே இருப்புப்பாதையில் கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. சென்றால் நிலக்கரி நகரமான தன்பாத். அதன் ஒரு பகுதியே வாசேபூர். 2012இல் அனுராக் காஷ்யப் இந்தியில் இயக்கிய 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' திரைப்படத்தின் களம் அது. இரு பாகங்கள், ஐந்து மணி நேரத்திற்கும் மேல். தமிழ் இயக்குநர்களான பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் அப்படத்தில் நன்றி கூறப்பட்டுள்ளது. குடும்பத்துடன் அமர்ந்து காணத்தக்க படமன்று. ஆயினும் நம் வீட்டு இளைஞர்கள் கைப்பேசியில் கண்டுவிட்டனர். எனவே அதைப் பற்றிப் பேசுவதே முறை.

சுரங்க முதலாளி ராமாதீர் சிங், ஷாகித் கானைக் கொல்விக்கிறான். மகன் சர்தார் கான், பழி தீரும்வரை முடி வளர்ப்பதில்லை எனத் தலையை மழித்துக்கொள்கிறான். நம் முனிவர்களும் முடியைக் களைகின்றனர்; அது பற்றினை விடுதற்கு. இவனோ பகையை மறவாதிருத்தற்கு! சர்தாரும் கொல்லப்படுகிறான், மூத்த மகனும் மாள்கிறான். இளையவன் பைசல், ராமாதீரைக் குண்டுகளால் துளைத்துப் பழி முடிக்கிறான். முடிந்ததா? பைசலைச் சுடுபவன் அவனுடைய மாற்றாந்தாய் மகன். தந்தை ஒருவனே.

இந்த இடத்தில் ஸ்ரீபுராணம் கற்றோர்க்குக் கமடன் நினைவு வராமற் போகாது. போதனபுரத்து அமைச்சனின் மக்கள் கமடன், மருபூதி. தம்பி மனைவிக்குத் தீங்கிழைத்துக் கமடன் நாடு கடத்தப்பட்டான். அவனிடமே சென்று பணிந்து பொறுக்க வேண்டினான் மருபூதி. கையிலிருந்த கல்லை அவன் தலையிற் போட்டுக் கொன்றான் அண்ணன். மருபூதி யானையாகப் பிறந்தான். கமடன் பாம்பாகி அதனைத் தீண்டினான். இவ்வாறு பிறவிதோறும் தொடர்ந்தது. வாசேபூரில் இரு தரப்பும் திருப்பியடித்தன. இங்கே ஒருதரப்பு ஒருமுறைகூடத் திருப்பியடிக்கவில்லை. எனினும் பகை உடனே ஓய்ந்துவிடவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. பொறுத்தால் எதிரி மறுநாளே திருந்துவான் என நம் புராணம் பொய்யுரைக்கவில்லை.

அனந்தானுபந்திச் சினத்தைப் பாறையிற் கீறிய கோட்டிற்கு ஒப்பிடுவர். மண்ணிற் கீறியது காலத்தால் மறையும். நீரிற் கீறியது அக்கணமே மறையும். பாறைக் கோடு பிறவி கடந்தும் நிற்கும்.

அண்ணன் தம்பி வழக்கு அயலூர்க் கதையோ? பாகப்பிரிவினையில் ஒரு கிணற்றுக்காக, ஒரு வரப்புக்காகப் பேச்சற்றுப்போய், ஒரே ஜினாலயத்தில் ஒருவர் முகம் ஒருவர் பாராது பிரதட்சிணம் வரும் உடன்பிறப்புகள் நம்மிடையே இல்லையா? அவர்தம் பிள்ளைகள், காரணம் அறியாமலே அம்மௌனத்தை மரபுரிமையாகப் பெறுகின்றனர். சர்தாருக்கும் தந்தையின் பகை அவ்வாறே வந்தது.

திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரை வணங்குங்கால், முடிமேல் விரிந்த நாகபடத்தைக் குழந்தைகள் கேட்பர். தரணேந்திரன் என விடை கூறுகிறோம். அவன் எதனைத் தடுக்க வந்தான் எனக் கூறுவதில்லை. சம்பரன் என்னும் தேவனாய்ப் பிறந்த கமடன் பொழிந்த மழையையும் எறிந்த கல்லையும் தடுக்க வந்தான். பகவான் கேவலஞானம் எய்தியபின் அச்சம்பரனே சினம் தணிந்து நற்காட்சி பெற்றான். கழுகுமலைப் பாறையில் இதனைச் சிற்பி வடித்துள்ளான்: மேலே பாறையை ஓங்கி நிற்கிறான் ஒருவன், கீழே பகவானின் திருவடியருகே கைகூப்பி இருப்பவனும் அவனே.