தொட்டிக்குள் இறங்குமுன் கயிற்றின் மறுமுனை யார் கையில்?

(மாதாந்திர உதவி வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவிக் கணக்குகளைப் படிப்பேன். அவற்றை இன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று, பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது வேறு.

நம் விதவையர் உதவிப் பதிவேட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். கணவன்மார் அண்ணன், தம்பி. தோல் ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டியில் சேறு எடுக்க அண்ணன் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. மேலே வாளி இழுத்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டபடியே தானும் இறங்கினார். ஒரே நாளில் இரண்டு ஜனாஸா தூக்கினோம். அன்று கபரஸ்தானில் நின்றிருந்த ஒருவர், "தக்தீர் பாய், என்ன செய்ய" என்றார். தக்தீரை நானும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தொட்டியின் வாயருகே ஒரு முழம் கயிறுகூட இல்லை என்பதையும் என் கண்ணால் பார்த்தேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுவதும் தோலை நம்பி வாழ்கிறவர்கள் நாம். அதனால் இந்த விஷம் எப்படி உண்டாகிறது என்பதை நாம் தெரிந்திருக்க வேண்டும். தோலில் முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தத் தண்ணீர் காரமாக இருக்கும்வரை சல்பைடு அதற்குள்ளேயே கிடக்கும். பிக்கிள், குரோம் வேலையிலிருந்து வருவதோ ஆசிட் கலந்த தண்ணீர். இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். இது போக, மாதக்கணக்கில் தேங்கிய சேற்றில் அது தானாகவும் உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் படுத்துக் கிடக்கும், மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. சேற்றை மண்வெட்டியால் கிளறும்போது, உள்ளே அடைந்திருந்தது மொத்தமாக வெளியே வரும். பத்து நிமிடம் நன்றாக வேலை செய்தவர் திடீரென்று சாய்வது இதனால்தான்.

நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் 100 பங்கு அளவுக்கு ஏறியதும் மூக்கு மரத்துவிடும். "இப்போது நாற்றம் இல்லையே, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500-ஐத் தாண்டினால் நிமிடங்களில் உயிர் போகலாம். 1000-ல் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். கத்திக் கூப்பிடக்கூட அவகாசம் இருக்காது.

ஈரக் கைக்குட்டையும் கொரோனா காலத்து மாஸ்க்கும் இந்த வாயுவைத் தடுக்காது. மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அடியோடு விடுங்கள். இந்த வாயு தீப்பிடிக்கும், சேற்றிலிருந்து வரும் மீத்தேனும் தீப்பிடிக்கும். காற்றைச் சோதிக்க கைக்கு அடக்கமான மீட்டர் இருக்கிறது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, நச்சு வாயு இருந்தாலோ அது சத்தமிடும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். சேறு கிளறும் வேலை முடியும்வரை அது இறங்கியவரின் உடம்பிலேயே இருக்க வேண்டும், ப்ளோயரும் நிற்காமல் ஓட வேண்டும். சேற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி, ஆளே இறங்காமல் முடிக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இப்போது அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1986-ல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது அது. "கூடப் பிறந்தவன் கிடக்கும்போது நிற்க முடியுமா?" என்று கேட்கிறீர்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் இறங்கியிருப்பேனோ என்னவோ! அதனால்தான் அந்த நிலைமை வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளச் சொல்கிறேன். இறங்குகிறவர் உடம்பில் பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே நிற்பவர் கையில். அப்படி இருந்தால் தம்பி இறங்காமலே அண்ணனை இழுத்திருக்கலாம். ஆழமான தொட்டி என்றால் முக்காலியும் கப்பியும் வேண்டும், மயங்கிய ஆளை வெறும் கையால் தூக்க முடியாது. கயிறு இல்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால் 101-க்கோ 112-க்கோ அடியுங்கள். மூச்சுக் கருவியோடு தீயணைப்புத் துறையினர் வருவார்கள். அதுவரை வெளியிலிருந்து காற்றை உள்ளே அடியுங்கள். யாரும் இறங்காதீர்கள்.

இதெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடித்தது அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-வது பிரிவைப் பாருங்கள். தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும் என்று அது சொன்னது. சவூதியிலும் கத்தாரிலும் எண்ணெய்க் கம்பெனிகளில் வேலை செய்துவிட்டு வந்த நம் பிள்ளைகளைக் கேளுங்கள். பெர்மிட் தாளில் கையெழுத்து இல்லாமல் டேங்க் பக்கம் போகவே விடமாட்டார்கள் என்பார்கள்.

இங்கே முதலாளிமார்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். கல்லூரி முடித்த புதிதில் ஒரு டேனரியில் கணக்கு எழுதினேன். "தொட்டி சுத்தம், ஆள் 3, கூலி, டீ செலவு" என்று வவுச்சர் வரும். டீ செலவு ஏன் கூடுதல் என்று கேட்டிருக்கிறேன். ஆட்கள் எப்படி இறங்கினார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. காண்ட்ராக்டர் கூட்டி வருகிறவர் நம் ஜமாஅத்தாராக இருந்தாலும், அருந்ததியர் காலனிக்காரராக இருந்தாலும், பீகாரிலிருந்து வந்தவராக இருந்தாலும் தொட்டி உங்களுடையது. ஈ.எஸ்.ஐ.யில் அவர் பெயரைப் பதிந்திருக்க வேண்டியதும் உங்கள் பொறுப்பே. வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மாதாமாதம் கூலியில் 90 சதவீதம் வரை தருகிறது. நம் பதிவேட்டில் உள்ள அந்த இரண்டு பெண்களுக்கும் அது கிடைக்கவில்லை. காரணம், இரண்டு பெயரும் எந்த மஸ்டரிலும் இல்லை.

தாய்மார்களே, வீட்டு செப்டிக் டேங்க்கிலும் இதே வாயுதான். மூடியைத் திறந்து ஆளை இறக்காதீர்கள், லாரியை வரச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கணவரோ மகனோ "இன்று தொட்டி வேலை" என்று சொல்லிக் கிளம்பினால், "மீட்டர் இருக்கா, கயிறு இருக்கா, மேலே யார் நிற்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இந்த மூன்றும் இல்லாததால் இறங்க மாட்டேன் என்று சொல்லித் திரும்பி வருகிறவருக்கு அன்றைய கூலியை அறக்கட்டளை கொடுக்கும். எந்த மதத்தவரானாலும் கொடுக்கும். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். ஷாப் பெயரைச் சொல்ல வேண்டாம், வேலைக்குப் போன தேதியை மட்டும் சொன்னால் போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒரு மீட்டரும் இரண்டு பெல்ட்டும் வாங்கி வைக்கிறோம். வேண்டியவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது.