நல்கை நின்ற வேளையில்

அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் தொண்டு நிறுவனம் நடத்துவோர்க்குக் கடல் கடந்து வரவேண்டிய நல்கை நின்றுபோனால், பணியைச் சுருக்கிவிடலாம் என்ற எண்ணமே முதலில் எழும். அவர்கள் முன் மதுரைச் செய்தியொன்றை வைக்க விரும்புகிறேன்.

அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கையில் பணமில்லை. வீடு அடமானமாயிற்று; குடும்பத்தாரின் நகைகளும் அடகு வைக்கப்பெற்றன. கட்டணம் செலுத்துவோர் தந்த வருவாயே, செலுத்த இயலாதோரின் சிகிச்சைக்கும் ஆதாரமாயிற்று. நோயாளிகள் பெருகப் பெருக, ஒரு சிகிச்சைக்கு ஆகும் செலவு குறைந்தது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை சுமார் 100 டாலர். நன்கொடையாக வந்த வில்லைகளையே எந்நாளும் நம்பியிருக்க இயலுமா? 1992இல் ஆரோலேப் நிறுவப்பெற்று, ஏறத்தாழ 10 டாலருக்கே வில்லை உருவாயிற்று.

இம்முறை எல்லார்க்கும் பொருந்தும் என்று நான் கூறவில்லை. கண்புரை அறுவைக்குக் கட்டணம் தருவோர் உண்டு. ஆதரவற்ற முதியோர் இல்லத்திற்கு எவர் தருவார்? அங்கே தலைவர், கணக்கேட்டைப் பணியாளர் முன் திறந்து வைத்தல் வேண்டும். கையிருப்பு எத்தனை மாதங்களுக்கு வரும், எப்பணி ஒருநாளும் நிற்கலாகாது என்பவற்றை அவர்களுடன் அமர்ந்தே முடிவு செய்தல் வேண்டும். சம்பளம் தாமதமாகும் என்பதை அவர்கள் கடைத்தெருவில் கேட்டறியும்படி விடலாகாது.