குழந்தை தங்கவில்லையா? சோதனை இரண்டு பேருக்கும்

(கோவில்பதாகையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் திருப்பம், தணிக்கை என்று மாதா மாதம் கணக்கே பேசுகிறோம். இன்றைக்கு வேறு விஷயம். ஆனால் இதுவும் கணக்கு நோட்டிலிருந்துதான் எனக்குத் தெரிய வந்தது. தீர்மான நோட்டில் ‘மருத்துவச் செலவு’ என்று எழுதி வாங்கிய கடன்களைப் பற்றி விசாரித்தால், அதில் சில குழந்தை இல்லாததற்காகச் செய்த சோதனைகள். வெளியே சொல்லக் கூச்சம், அதனால் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சகோதரி, பேர் ஊர் வேண்டாம். கல்யாணமாகி 4 வருடம். குழுவில் இரண்டு முறை கடன் வாங்கி ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன், ரத்தச் சோதனை, குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார். எல்லாம் நார்மல். அதற்குள் மாமியார் வீட்டில் மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு வந்துவிட்டது. இத்தனைக்கும் கணவருக்கு ஒரு சோதனைகூட செய்யவில்லை. பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்ததே கணவருக்குத்தான். விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. சில நூறு ரூபாயில் முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதற்கு இந்தப் பெண் 4 வருடம் ‘மலடி’ பட்டம் சுமந்தாள்.

சரி, எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? எந்தத் தடுப்பும் இல்லாமல் கணவன் மனைவி ஒன்றாக இருந்து 1 வருடம் ஆகியும் தங்கவில்லை என்றால் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். மாதவிலக்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தரம்தான் வருகிறது என்றால் வருடக் கணக்கு பார்க்கவே வேண்டாம். கல்யாணமான மூணாம் மாசமே ‘ஒண்ணும் விசேஷம் இல்லையா’ என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரிக்காக யாரும் ஓட வேண்டியதில்லை. உலகத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவை இந்தச் சிக்கலைப் பார்க்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது.

அதனால் கணவர் சோதனையை முதலில் சொல்கிறேன். ஊசி கிடையாது, வலி கிடையாது. 2 நாளிலிருந்து 7 நாள் வரை சேராமல் இருந்துவிட்டு, லேப் கொடுக்கும் டப்பாவில் விந்து முழுவதையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். 1 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். நம்ம ஊரில் எடுத்துக்கொண்டு ஆவடி ஸ்டேஷன் போய் ரயிலேறினால் நேரம் தாண்டிவிடும். மருத்துவமனையிலேயே அறை கேட்டு எடுத்துக் கொடுப்பது நல்லது. 1 மில்லியில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு, அதில் 100-க்கு 42 நகர வேண்டும். இது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 புத்தகத்தில் உள்ள கீழ் அளவு. குறைந்தால் உடனே முடிவு கட்டக் கூடாது. உயிரணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். நடுவில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை குறையும். அதனால் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள். எஸ்டேட்டில் உலைச் சூட்டில் வேலையா, பீடி, ஹான்ஸ், குடி உண்டா என்று டாக்டர் கேட்பார். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். விதைப்பையில் நரம்பு சுருண்டிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பார். உயிரணுவே இல்லை என்று வந்தாலும் உற்பத்தி இல்லையா, வழியில் அடைப்பா என்று பிரித்துப் பார்க்க அடுத்த சோதனைகள் உண்டு.

இப்போது நம் பக்கம். இங்கே பணம் வீணாவது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். நம்மில் பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறோம். டாக்டர் எண்ணுவது உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து. ‘ரெண்டாம் நாள் வாங்க’ என்றால் அந்தக் கணக்கில் 2-ம் நாள். அன்று ரத்தத்தில் சில ஹார்மோன்கள் பார்ப்பார்கள். கூடவே தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் பால் சுரக்கும் ஹார்மோன். தைராய்டு கோளாறால் முட்டை வராமல் இருந்து, தினம் ஒரு மாத்திரையிலேயே சரியாகி உண்டானவர்கள் உண்டு.

முட்டை வெடித்ததா என்று பார்க்க ஒரு ரத்தச் சோதனை உண்டு. ‘21-ம் நாள் டெஸ்ட்’ என்பார்கள். 28 நாளுக்கு ஒரு தரம் ஒழுங்காக வருகிறவளுக்குத்தான் அது 21. அடுத்த விலக்குக்கு 7 நாள் முன்னால் என்பதே அதன் கணக்கு. 35 நாள் சுற்று உள்ளவள் 28-ம் நாள் கொடுக்க வேண்டும். 21-ல் கொடுத்தால் முட்டை வந்தும் வரவில்லை என்று காட்டும். ஆகவே கடந்த 6 மாதத் தேதிகளை காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். குழு நோட்டு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. அது அறுத்தெடுக்க வேண்டிய கட்டி இல்லை. முதிராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள், அவ்வளவுதான். விலக்கு ஒழுங்கில்லாமை, முகத்தில் முடி போன்ற ஆண் ஹார்மோன் அடையாளம், ஸ்கேனில் தெரிவது, இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் அந்த நோய் என்பார்கள். ஸ்கேன் தாளை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. அதேபோல ஏ.எம்.எச். என்ற விலை அதிகமான சோதனை. முட்டை கையிருப்பு எவ்வளவு என்று அது சொல்லும். குறைவாக வந்தால் ‘உனக்கு இனி தங்காது’ என்று அர்த்தம் இல்லை.

கருக்குழாய் எக்ஸ்ரேக்குத்தான் பயம் அதிகம். விலக்கு நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன், அதாவது 6 முதல் 10 நாளுக்குள் எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியாக மருந்து செலுத்திப் படம் பிடிப்பார்கள். விலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் விடும். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, மருந்து அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ‘அடைப்பு’ என்று வந்தால் சில சமயம் பயத்தில் குழாய் சுருங்கியதாகவும் இருக்கலாம். உறுதி செய்ய, தொப்புள் பக்கம் சிறு துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அது எல்லாருக்கும் முதலிலேயே தேவைப்படுவதில்லை.

நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். இருமல் இருக்காது, சளி இருக்காது. கருப்பையிலும் குழாயிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் யாருக்காவது டி.பி. வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பப்பை உள்தோலில் துளி எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து அரசில் இலவசம்.

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாதவர்களும் இருக்கிறார்கள். ‘காரணம் தெரியாதது’ என்று எழுதுவார்கள். டாக்டருக்குத் தெரியவில்லை என்று வேறு இடம் ஓடி, முதலிலிருந்து அத்தனையும் எடுக்காதீர்கள்.

ஆரம்பச் சோதனைகளை ஆவடி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அங்கே இல்லாததற்கு எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை. 1844-லிருந்து நடக்கும் மருத்துவமனை அது. 2024-ல் அங்கே அரசு கருத்தரிப்பு மையமும் திறந்தார்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். பழைய ரிப்போர்ட், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள்.

பேசி முடித்ததும் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: ‘எல்லாம் சரிக்கா, அவரு வரவே மாட்டேங்கறாரே?’ பலபேர் தலையாட்டினார்கள்.

சண்டை போட்டு அழைக்க முடியாது. ‘உனக்குக் குறை’ என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லி அவரிடம் பேச வையுங்கள். வெள்ளைச் சட்டை சொன்னால் கேட்கிற ஆண்கள் உண்டு. வேறு பெண் பார்க்கிறோம் என்று மிரட்டினால் 181-க்குப் போன் செய்யலாம், குழுவிலும் சொல்லலாம். மருத்துவமனையில் முதல் நாள் சீட்டு போடும்போதே இரண்டு பேர் பெயரிலும் போடச் சொல்லுங்கள். கணவரின் ரிப்போர்ட் கைக்கு வரும் வரை உங்களுக்குக் குழாய் எக்ஸ்ரேயோ கேமரா சோதனையோ எழுதினால், ‘அவருடையதைப் பார்த்துவிட்டு எடுக்கலாமா டாக்டர்?’ என்று கேளுங்கள். குழுவில் இதற்குக் கடன் கேட்டு வருகிறவரிடம் ஊக்குநர்களும் அந்தக் கேள்வியையே கேட்கலாம்.