இல்லத்தில் கல்வி: யாருக்கு, எவ்வாறு?

(ஒரகடத்தில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தினின்று நிறுத்தி வீட்டிலேயே படிப்பிக்கலாமா?" என்னும் கேள்வி சில மாதங்களாக நம்மவரிடையே மெல்லிய குரலில் உலவி வருகின்றது. கோயில் வாசலிலும் கம்பெனி பஸ்ஸிலும் பேசப்படும் இவ்விஷயத்தைச் சபையிலேயே வைத்துப் பேசிவிடுதல் நலமெனக் காரியதரிசி அவர்கள் கருதி, அப்பொறுப்பை எம்மிடம் ஒப்புவித்தார்கள். யாம் உபாத்தியாயருமல்லோம், வக்கீலுமல்லோம். எம் தங்கையின் மகன் விஷயத்தில் இவ்வழியை இரண்டு வருஷம் நேரில் கண்டு, பாதி நன்மையும் பாதி நஷ்டமும் அடைந்தோம் என்பதே எமக்குள்ள யோக்கியதை.

நம்மில் பெரும்பாலோர் தறியைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள். காஞ்சியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குழித்தறியில் கால் வைத்திருந்த நம் தகப்பன்மார், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கிய காலந்தொட்டு ஒருவர்பின் ஒருவராய் இப்பக்கம் வந்தனர். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று தொழிற்பேட்டை நீள நீள, நாமும் வாடகை வீடு மாற்றிக்கொண்டே நீண்டோம். வாரத்துக்கொரு ஷிப்டு, வருஷத்துக்கொரு வீடு. வாலாஜாபாத் சாலையில் கண்டெயினர் லாரிகள் ஓயாது ஓடுகின்றன. அச்சாலையைக் கடந்து ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போய் வருவதற்குள் தாய் பத்து முறை வாசலுக்கு வந்து பார்க்கிறாள். தனியார் பள்ளிச் சம்பளமோ தகப்பனாரின் ஓவர்டைம் பணத்தை முழுதும் விழுங்கிவிடுகிறது. ஆகவே இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. கேட்பவரைப் பரிகசிப்பதும் முறையன்று.

எம் தங்கை மகனின் கதையைச் சொல்லிவிடுகிறோம். அவனுக்குச் சிறு வயதுமுதலே திக்குவாய். 2020 மார்ச்சு மாதம் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. நமது மாகாணத்தில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் திரும்பத் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அந்தப் பத்தொன்பது மாதமும் அவன் வீட்டில் மலர்ச்சியாகவே இருந்தான். தாயோடு பேசும்போது திக்கல் குறைந்தது. ஆனால் பள்ளி திறந்ததும், நின்று வாசிக்கச் சொன்ன ஒவ்வொரு நாளும் வகுப்பு முழுதும் சிரித்தது. உபாத்தியாயரும் தடுத்தாரில்லை. காலையில் சட்டையை மாட்டிய உடனே பிள்ளை வாந்தியெடுப்பான். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், 2022 ஜூனில், தங்கை அவனை நிறுத்திவிட்டாள். குடும்பத்தார் அனைவரும் கூடி ஆமோதித்தோம். கணக்குப் பாடம் எமது பொறுப்பென்று யாமும் வாக்களித்தோம்.

இரண்டு வருஷத்தில் நடந்ததென்ன? தமிழ் வாசிப்பில் அவன் தன் வயதினர் எவரையும் விஞ்சினான். கையிற் கிடைத்த புஸ்தகமெல்லாம் படித்தான். ஒருநாள் உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்று, பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறித்த குடவோலைக் கல்வெட்டைக் காட்டினோம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்கவேண்டும், கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதலாகாது என்றெல்லாம் விளக்கிய போது அவன், "அப்படியானால் நிலமில்லாத நாமெல்லாம் அப்போது எங்கே நின்றிருப்போம், மாமா?" என்றான். அக்கேள்வியை நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அவன் கேட்டிருக்க மாட்டான். இதனை யாம் மறுக்க மாட்டோம்.

நிற்க. கணக்கு என்ன ஆயிற்று? வார விடுமுறைதோறும் வருவதாகச் சொன்ன யாம் முதல் வருஷத்தில் எட்டு நாள் போனோம். இரண்டாம் வருஷத்தில் அதுவுமில்லை. ஓவர்டைம் என்றோம், உறவினர் கலியாணம் என்றோம். பிள்ளை பின்னத்திலேயே நின்றுவிட்டான். தகப்பனார் இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கும் வாரங்களில், அந்த ஒற்றை அறை வீட்டில் பிள்ளை வாய்விட்டுப் படிக்க வழியில்லை. திக்குவாய்ப் பிள்ளைக்கு வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி உதவலாம் என்பதைப் பின்னரே அறிந்தோம். தங்கையோ தான் பார்த்துவந்த வேலையை விட்டவள். சமையலுக்கும் பாடத்துக்கும் இடையில் அவள் ஒருத்தியே தலைமை உபாத்தியாயரும் கடைநிலைச் சேவகருமாக இருந்தாள். வீட்டில் கல்வி என்று ஆண்கள் தீர்மானிக்கும்போது அதன் சம்பளமில்லா உத்தியோகம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சபையோர் எண்ணவேண்டும்.

2024 ஜூனில் அவனை அரசினர் பள்ளியில் சேர்க்கச் சென்றோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டுமென்பது சட்டமாதலின், எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை அம்மையார் கேட்ட முதற் கேள்வி எம் மனத்தை இன்றும் சுடுகிறது. "பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் பிள்ளையைக் காட்டினீர்களா?" என்றார்கள். காட்டவில்லை. நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன்னரே பள்ளியை விட்டு ஓடியிருந்தோம்!

இனி, வீட்டில் படிப்பித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று என்று சிலர் சொல்வதைப் பற்றி. அது மெய்யே. சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லாதோறும் கல்வி நிலையை விசாரிக்கச் செய்தபோது, சென்னைப் பட்டணத்தில் மட்டும் வீடுகளிலே பயிலும் பிள்ளைகள் 26,000க்கு மேல் என்று கலெக்டர் கணக்குக் கொடுத்தார். பள்ளிகளில் பயின்றோர் தொகையைப் போல இஃது ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் பெருமை பேசுமுன் ஒன்று கேட்போம்: வீட்டில் சொல்லிக்கொடுக்க ஓலையும் எழுத்தும் அறிந்த தகப்பனோ மாமனோ இருந்த வீடுகள் எவை? தறிக்குழியில் நின்ற நம் முன்னோர் வீட்டில் பிள்ளை கற்றது பாவு ஓட்டவும் பன்னையில் இழை கோக்கவுமே. அது சிறந்த வித்தைதான், இழிவாகச் சொல்லோம். ஆயினும் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமலே கைநாட்டு வைத்த குடும்பங்கள் நம்முள் எத்தனை!

இதனாலன்றோ 1953இல் ராஜாஜி மந்திரிசபை, கிராமத்துப் பிள்ளைகள் ஒருவேளை பள்ளியிலும் மறுவேளை பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டுமென்று திட்டம் கொணர்ந்தபோது, அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே எதிர்த்தது. மறு வருஷமே, 1954இல், காமராஜர் முதன்மந்திரியானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரு சாதிச் சங்கத்தின் மேடையில் இதனைச் சொல்வது அவசியம் என்றே சொல்லுகிறோம். 'நம் பிள்ளைகளை நாமே நமக்குள் படிப்பிப்போம்' என்பது கேட்க இனிதாயிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த ஜாதி என்று அறியாமலே அவனோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பாடத்தை எந்த வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இந்த ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜரே, திருப்புட்குழிக்கு நடந்துபோய் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டு, அவரோடு கருத்து மாறுபட்டுத் தம் வழி கண்டவர் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. மாறுபடுவதற்கேனும் வெளியே ஒரு குரு வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2009இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை விதிக்கப்படவில்லை. வீட்டில் படிப்பிப்பவர்கள் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். இன்னொரு சட்டமும் நமக்கு முக்கியமானது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மாத்திரமே, அதுவும் அபாயமில்லாத வேலையில் மாத்திரமே. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் 'பள்ளி நேரத்துக்குப் பிறகு' என்பது எப்போது? காஞ்சிப் பகுதியில் முன்பணத்துக்குப் பிள்ளையைத் தறியில் உட்காரவைத்த காலம் நெடுந்தூரத்தில் இல்லை. ஊரில் இன்னும் தறி வைத்திருக்கும் குடும்பங்கள் இதனைக் கவனிக்கக் கோருகிறோம்.

பரீட்சைகளுக்கு வழியுண்டு. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். வருஷத்துக்கு இருமுறை பரீட்சை. நமது அரசாங்கத் தேர்வுத் துறையும், பன்னிரண்டரை வயதானவர்களைத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுத அனுமதிக்கிறது. ஆனால் எந்தச் சர்டிபிகேட்டு எந்த உத்தியோகத்துக்கும் எந்தக் கலாசாலைக்கும் செல்லும் என்பதைச் சேருமுன்பே எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும். வாய்வார்த்தை உதவாது.

இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. யாமே அதனைக் காலங்கடந்து அறிந்தோம். அரசினர் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு வைத்தியக் கல்வியில் நூற்றுக்கு ஏழரை வீதம் இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், விவசாயம், கால்நடை வைத்தியம், சட்டம் முதலியவற்றுக்கும் அது விரிந்தது. 2022இல் பெண்களுக்குத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும், கலாசாலையில் மாதம் 1,000 ரூபாய் தருவதற்கு இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கையே பார்த்தன. எம் தங்கை மகன் எட்டில் சேர்ந்தவன். ஆறும் ஏழும் இல்லாமையால் அந்த ஒதுக்கீட்டின் கதவு அவனுக்கு முன்பே சாத்தப்பட்டிருந்தது. பிள்ளைக்கு நன்மை செய்வதாக எண்ணி நாங்கள் செய்த காரியம் இது.

அப்படியானால் ஒருவரும் செய்யலாகாதா? அவ்வாறு யாம் சொல்லவில்லை. நெடுநாள் நோயுற்ற பிள்ளை, உடலாலோ மனத்தாலோ பள்ளியின் சப்தம் தாங்காத பிள்ளை, சுற்றிலுமுள்ள பள்ளிகள் கைவிட்ட பிள்ளை ஆகியோருக்கு வீடே புகலாகலாம். அப்போதும், முதலில் வைத்தியரையும் பயிற்சியாளரையும் பார்க்கவேண்டும். அடுத்தபடி வேறு பள்ளியைப் பார்க்கவேண்டும். நிறுத்தியே ஆகவேண்டுமானால் எத்தனை மாதம் என்று ஆரம்பத்திலேயே காலம் குறிக்கவேண்டும். சர்க்கார் பாடப் புஸ்தகத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்; திரும்பும் வழி அடைபடாது. காலையில் இரண்டு மணி நேரம் ஒழுங்காய் அமர்ந்தால் போதும். பள்ளியைப் போல ஏழு மணி நேரம் கட்டிவைக்க வேண்டாம். யார் எப்பாடம் என்று தாளில் எழுதி, தகப்பன் பெயருக்கு நேரேயும் ஒரு பாடம் இருக்கச் செய்யுங்கள். மாலையில் பிற பிள்ளைகளோடு விளையாடாத நாளை விடுமுறை நாளாகக் கணக்கிடாதீர்கள். அது நஷ்ட நாள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவளானாள், பஸ்ஸில் கூட்டம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லி நிறுத்திவைத்து, கேட்பவர்க்கு 'வீட்டில் படிக்கிறாள்' என்று மறுமொழி கூறும் வீடுகளை யாம் அறிவோம். அவ்வீடுகளில் புஸ்தகத்தைக் கண்டோமில்லை, துடைப்பத்தைக் கண்டோம். அதற்குக் கல்வி என்று பெயரிட இச்சபை இடங்கொடுக்கலாகாது. பஸ்ஸில் தொல்லையென்றால் பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம். நாலு தகப்பன்மார் முறைவைத்துத் துணை போனால் தீரும் காரியம் அது.

எம் தங்கை மகன் மாலையில் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். சென்ற பொங்கலன்று பள்ளி விழாவில் நாலு வரி நின்று பேசினான், இரண்டிடத்தில் திக்கிற்று, ஒருவரும் சிரிக்கவில்லை என்று வந்து சொன்னான். கணக்கு இன்னும் இடறுகிறது.

ஆகையால் எமது வேண்டுகோள் ஒன்றே. ஞாயிறுதோறும் காலை 9 முதல் 12 வரை நமது சங்கக் கூடத்தைத் திறந்துவைக்கக் காரியதரிசி அவர்கள் இசைந்துள்ளார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், ஏதோ காரணத்தால் போகாதிருக்கும் பிள்ளைகளும், நம் வகுப்பாராயினும் அல்லாராயினும், வரலாம். கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க டிப்ளமா, பி.ஈ. படித்த நம் இளைஞர்கள் பன்னிரண்டு பேரேனும் தேவை. ஷிப்டு மாறும் என்பதால், ஒரு பாடத்துக்கு மூவர் வீதம் இருந்தால்தான் எவரேனும் ஒருவர் வருவர். வாசலருகே மேஜைமேல் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறது. உங்கள் பெயரையும், எந்த வாரம் எந்த ஷிப்டு என்பதையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். முதல் வரியில் கணக்குக்கு எதிரே எம் பெயரை எழுதியிருக்கிறோம். இம்முறை எத்தனை நாள் வந்தோம் என்று பக்கத்திலே குறித்துவருமாறு காரியதரிசி அவர்களையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.