மருத்துவமும் கணினியும் கைகோக்கும் துறை: நம் பிள்ளைகளுக்கோர் ஆராய்ச்சிப் பாதை

(ஜமாஅத் ஆண்டு விழாவின் கல்வி அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரை)



  

நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதும் நாம் எண்ணிப் பார்க்கும் வழிகள் மூன்றோ நான்கோதான். மருத்துவம் கிடைக்குமா? இல்லையெனில் பொறியியல். அதுவும் இல்லையெனில் ஒரு பட்டத்தோடு வளைகுடாப் பயணம். இவற்றில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தப் பயணத்தால்தான். ஆயினும் நாம் திறந்து பார்க்காத வாசல் ஒன்றை இன்று சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அதுவே உயிர்மருத்துவத் தகவலியலில் முனைவர் பட்ட ஆய்வு.

பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படம், மரபணு விவரம், நோயாளியின் பதிவேடு என மருத்துவத்தில் குவியும் தகவல்களைக் கணினியின் துணையால் ஆராய்ந்து, நோயை முன்னறியவும் மருந்தைக் கண்டறியவும் வழிகாணும் கல்வி இது.

அண்மையில் நிகழ்ந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடி என 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. இந்நோய் விழித்திரையின் நுண்குழாய்களைப் பழுதாக்கும்போது தொடக்கத்தில் வலியும் இராது; பார்வைக் குறைவும் தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். விழித்திரையைப் படமெடுத்தால் முன்னரே அறியலாம். ஆனால் கிராமந்தோறும் படத்தைப் பார்த்துச் சொல்லக் கண் மருத்துவர் இல்லை. கூகுள் ஆய்வாளர்கள், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலும் அமெரிக்காவிலும் திரட்டப்பட்ட 1,28,175 படங்களைக் கொண்டு ஒரு கணினி நிரலைப் பயிற்றுவித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளில் 3,049 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. மனிதர் படம் பார்த்துக் கணிப்பதற்கு அது குறைந்ததன்று என 2019இல் வெளியான ஆய்வு கூறியது. கணினி அறிந்தவரும் கண் மருத்துவம் அறிந்தவரும் ஒன்றாக அமர்ந்ததால் விளைந்த பயன் இது. இரண்டையும் அறிந்த ஒருவரை உருவாக்குவதே இந்த ஆய்வுக் கல்வி.

குற்றாலத்து மலையைப் பாருங்கள். அருவியில் நீராடிவிட்டு மூலிகைக் கடையில் வேரும் பட்டையும் வாங்கி வருகிறோம். அவற்றில் உள்ள வேதிப்பொருள் எது, அது உடலில் எங்கே சென்று வினைபுரிகிறது என்று கேட்டால் விடை சொல்வார் சிலரே. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் முனைவர் அரிஜித் சமல் குழுவினர், நூல்களிலும் ஆய்வேடுகளிலும் சிதறிக் கிடந்த இத்தகைய விவரங்களைத் தொகுத்து 'இம்ப்பாட்' எனும் தகவல் தளத்தை 2018இல் அளித்தனர். அப்போது 1,742 மூலிகைகள் இடம்பெற்றிருந்தன. இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகளும் 17,967 வேதிப்பொருள்களும் உள்ளன. கணினி காட்டுவது சாத்தியத்தை மட்டுமே. ஆய்வுக்கூடமும் மருத்துவச் சோதனையும் அதனை உறுதிசெய்ய வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆய்வு மாணவருக்கு வேலை காத்திருக்கிறது.

இத்துறை நமக்கு அந்நியமானதன்று. 'அல்காரிதம்' என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சோதனைகளால் ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம். எனினும் முன்னோர் பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால் நாம் அவர்களின் வாரிசுகள் ஆகமாட்டோம்.

இனி, வழியைக் கூறுவோம். உயிரியல், கணினி, மருந்தியல், மருத்துவம் ஆகிய எதிலிருந்தும் இத்துறைக்கு வரலாம். முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பொதுத் தகுதி. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றோரும் நேரடியாகச் சேரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதி. மதுரை காமராசர், காரைக்குடி அழகப்பா, கோவை பாரதியார், புதுவைப் பல்கலைக்கழகங்களில் உயிரித் தகவலியல் கற்பிக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத்திற்கெனத் தனித் துறை தொடங்கியது.

பணத்திற்கு என்ன செய்வது? சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஆதலால் 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெறுவதே உறுதியான வழி. 2023 ஜனவரி முதல் அத்தொகை முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயாகவும், பின்னர் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

பெற்றோரின் அச்சத்தையும் நாம் அறிவோம். ஐந்தாண்டுகள் ஆகுமே, மகளின் திருமணம் தள்ளிப்போகுமே என்கிறீர்கள். ஆய்வு நீண்டது என்பது உண்மை. முடித்தவுடன் வேலை உறுதி என்று எவரும் வாக்களிக்க இயலாது என்பதும் உண்மை. ஆனால் திருமணமும் ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அதே 2022 விதி, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டாண்டுக் காலமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் அனுமதிக்கிறது. பணியில் இருப்போர் பகுதிநேரமாகவும் பயிலலாம்.

மற்றொன்றையும் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நோயாளியின் விவரம் ஓர் அமானிதம். 2023இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. சட்டம் வருமுன்னரே அமானிதம் பேணுவது நம்மீது கடமையாயிற்று. பிறர் இரகசியத்தைக் காக்கத் தெரிந்தவரே இத்துறைக்குத் தகுதியானவர்.

ஜமாஅத்தினரிடம் மூன்று வேண்டுகோள்கள். மதரஸா மண்டபத்தில் மாலை வேளைகளில் 'நெட்' தேர்வுக்குப் படிக்க இடமும் இணைய வசதியும் அளியுங்கள். உதவித்தொகை கைக்கு வரும்வரை மாணவருக்கு வட்டியில்லா அழகிய கடன் வழங்குங்கள். பரிசளிப்பு விழாவில் பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்றவரோடு ஆய்வுப் படிப்பில் சேர்ந்தவரையும் மேடையேற்றுங்கள். ஊர் மதிப்பதைத்தான் பிள்ளைகள் விரும்புவர்.

நம் மஹல்லாவிலிருந்து ஒரு மகனோ மகளோ இப்பாதையில் முதலடி எடுத்து வைத்தால், பின்வருவோர்க்கு வழி கேட்க ஓர் ஆள் கிடைக்கும். பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினர்க்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.