அவசரக் கருத்தடையும் அதற்குரிய நேரமும்

கருத்தடை என்பது ஒரு சொல். கருக்கலைப்பு என்பது வேறொரு சொல். முன்னையது கரு உண்டாகாமற் காப்பது; பின்னையது உண்டான கருவை நீக்குவது. அகராதியைப் புரட்டுவோர் எவரும் இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளார். ஆயினும் வாழ்க்கையிலே இவை மயங்கத்தான் செய்கின்றன. சிறு குளிசை ஒன்றை வாங்க வந்து, மருந்துக் கடை வாசலில் நின்று, உள்ளே அறிந்த முகம் ஒன்றைக் கண்டு திரும்பிப் போகின்ற பெண்ணுக்கு, தான் செய்ய நினைத்தது தடையா கலைப்பா என்ற தெளிவு இல்லை. தெளிவின்மையால் அச்சம், அச்சத்தால் தாமதம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று கழிகின்ற அந்த நேரமே அக்குளிசையின் பலனைக் குறைத்துவிடுகின்றது. ஆகவே, அவசரக் கருத்தடை என்பது யாது, அஃது உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றது, எவ்வளவு நேரத்துள் அதனைக் கைக்கொள்ள வேண்டும் என்பவை நேயர்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டியவை.

இது யாருக்கு வேண்டியது என்பதை முதலிற் சொல்லிவிடல் நன்று. ஒழுக்கந் தவறியோருக்குரிய மருந்து இது என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. உண்மை வேறு. ஆணுறை கிழிந்துபோகலாம். நாள்தோறும் உட்கொள்ளும் கருத்தடைக் குளிசையை, பிள்ளையின் காய்ச்சலோடு அல்லற்படும் தாய் மூன்று நாளாக மறந்துவிடலாம். மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியின் தவணை கடந்துபோயிருக்கலாம். மத்திய கிழக்கிலே தொழில் புரியும் கணவன் முன்னறிவிப்பின்றி விடுமுறையில் வந்து இறங்கலாம். நான்காவது பிள்ளையைப் பெற உடலும் வீட்டு வருவாயும் இடங்கொடா என்று தெரிந்த மனைவி, மறுநாட் காலையிலே அடுப்படியில் நின்று நாட்களை எண்ணிப் பார்க்கின்றாள். இன்னும், விருப்பத்துக்கு மாறாக வன்முறைக்கு ஆளான பெண்ணும் இருக்கின்றாள். இவர்கள் அனைவருக்கும் உரியது இது.

உடலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். மாதந்தோறும் பெண்ணின் சூலகத்திலிருந்து முட்டை ஒன்று வெளிப்படுகின்றது. வெளிப்பட்ட முட்டை ஏறத்தாழ ஒரு நாளளவே கருவுறும் தகுதியோடு இருக்கும். ஆணின் விந்தணுக்களோ பெண்ணுடலுள்ளே ஐந்து நாள் வரையும் உயிர்வாழ வல்லவை. ஆதலால், உடலுறவு நிகழ்ந்த அக்கணத்திலேயே கரு உண்டாகிவிடுவதில்லை. திங்கட்கிழமை உட்புகுந்த விந்தணு, வியாழக்கிழமை வெளிப்படப் போகும் முட்டைக்காகக் காத்திருக்கலாம். இந்தக் காத்திருப்பு நாட்களே மருத்துவத்துக்குக் கிடைக்கும் அவகாசம். அவசரக் கருத்தடைக் குளிசையிலுள்ள லெவோனோஜெஸ்ட்ரெல் என்னும் ஓமோன், முட்டை வெளிப்படுமாறு மூளையடியிலிருந்து வரும் கட்டளையைத் தடுத்து, அதன் வெளிப்பாட்டைத் தாமதிக்கச் செய்கின்றது. முட்டை வருவதற்குள் விந்தணுக்கள் வலுவிழந்து அழிகின்றன. இரண்டும் சந்திக்கவில்லையாயின் கரு இல்லை.

இதனாலேயே அக்குளிசையின் எல்லையும் தெளிவாகின்றது. முட்டையை வெளியிடும் கட்டளை ஏற்கெனவே எழுந்துவிட்டதாயின் குளிசை அதனை நிறுத்தமாட்டாது. முட்டை கருவுற்றுக் கருப்பையில் தங்கிவிட்டதாயின், குளிசை அக்கருவைக் கலைக்கவும் மாட்டாது. அதற்குத் தீங்கு செய்யவும் மாட்டாது. கருவுற்றிருப்பதை அறியாது இதனை உட்கொண்ட பெண்ணின் பிள்ளைக்கு இதனால் ஊனம் நேர்வதாகச் சான்றில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதனை வலியுறுத்திக் கூறிவருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகமும், கருவுற்ற முட்டை கருப்பையிற் படிவதை இது தடுக்கக்கூடும் என்று முன்னர் மருந்துறையில் அச்சிடப்பட்டிருந்த குறிப்பை, சான்றுகளை ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் நீக்கியது. சமயப்பற்றுடைய குடும்பங்களிலே மனச்சாட்சியை முன்னிட்டு இதனைத் தவிர்ப்போர் உளர். அவர்கள் முடிவு அவர்களுடையது. ஆனால் அம்முடிவு உண்மையை அறிந்த பின்னர் எடுக்கப்பட வேண்டுமல்லவா?

இம்மருந்து ஒரே நாளிற் பிறந்ததன்று. 1960களின் நடுப்பகுதியில், நெதர்லாந்து நாட்டிலே வன்முறைக்காளான 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, கருவுறாமற் காக்கும் பொருட்டு வைத்தியர்கள் ஈஸ்திரஜன் ஓமோனைப் பெருமளவிற் கொடுத்தனர். ஒரு சிறுமியின் துயரிலேயே இம்மருத்துவத்தின் வரலாறு தொடங்குகின்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும். பின்னர், 1974இல், கனடாவைச் சேர்ந்த அல்பேட் யூஸ்பே என்னும் வைத்தியர் இருவகை ஓமோன்களைக் கலந்து கொடுக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை பயன் தந்ததாயினும் குமட்டலும் வாந்தியும் பெண்களை வாட்டின. 1998இல் உலகச் சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் ஏறத்தாழ 2,000 பெண்களிடையே நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தபோது, லெவோனோஜெஸ்ட்ரெல் தனித்தே கூடுதற் பலன் தருவதும், வாந்தி குறைவதும் தெளிவாயின. 2002இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரு தடவையாகப் பிரித்துக் கொடுத்த மருந்தை ஒரே தடவையிற் கொடுத்தாலும் பலன் குறையாது என்று காட்டியது. இந்த வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. 1990களின் பிற்பகுதியில் வளர்முக நாடுகளிலே இதனை முறையாக அறிமுகஞ் செய்ய முனைந்தபோது, முதற்கண் தெரிவு செய்யப்பட்ட நான்கு நாடுகள் இந்தோனேசியா, கென்யா, மெக்சிகோ, இலங்கை என்பன. 1953இல் தோன்றிய இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் அப்பணியை ஏற்றது. போஸ்டினோர் என்னும் பெயரில் அக்குளிசை அன்றுதொட்டு இந்நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைத்து வருகின்றது.

இனி, நேரத்துக்கு வருவோம். பேச்சின் உயிர்நிலை இதுவே. மேற்சொன்ன 1998ஆம் ஆண்டு ஆய்விலே, 24 மணி நேரத்துள் குளிசையை உட்கொண்டோரிடையே, நேர்ந்திருக்கக்கூடிய கருத்தரிப்புகளில் நூற்றுக்கு 95 தடுக்கப்பட்டன. 25 முதல் 48 மணிக்குள் உட்கொண்டோரிடையே அது 85 ஆகக் குறைந்தது. 49 முதல் 72 மணிக்குள் உட்கொண்டோரிடையே 58 ஆயிற்று. பின்வந்த ஆய்வுகளில் இவ்வெண்கள் சற்றே ஏறியும் இறங்கியும் அமைந்தன. ஆயினும் முந்தியவருக்கே பலன் மிகுதி என்பது மாறவில்லை. பெட்டியின்மேல் 72 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதைப் பலர் மின்சாரப் பட்டியல் கட்டும் இறுதித் தேதி போல எண்ணுகின்றனர். இறுதித் தேதிக்கு முதல் எந்நாளிற் கட்டினாலும் பட்டியற் பணம் ஒன்றே. குளிசையின் பலனோ மணிக்கு மணி தேய்கின்றது. ஆங்கிலத்திலே இதற்கு மறுநாட் காலைக் குளிசை என்றொரு பெயரும் வழங்குகின்றது. அதுவும் பொருத்தமற்ற பெயரே. காலை விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மறுநாட் காலை கழிந்துவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இடத்தையும் மறந்துவிடலாகாது. கொழும்பிலே தெருவுக்கொரு மருந்துக் கடை. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டியவருக்கோ, படகு நேரம் பார்த்துக் குறிகாட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மலைநாட்டுத் தோட்டத்துப் பெண்ணுக்கு, கொழுந்து பறிக்கும் அன்றாடச் சம்பளத்தை விட்டு நகரத்துக்குச் செல்லல் எளிதன்று. இத்தகைய இடங்களில் வாழ்வோர், தேவை நேர்ந்த பின் தேடுவதைவிட, குளிசையை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருப்பது தவறன்று. காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உட்கொள்ளும் முறை எளிது. 1.5 மில்லிகிராம் கொண்ட ஒரே குளிசையாயின் அதனை உடனே விழுங்கலாம். 0.75 மில்லிகிராம் கொண்ட இரு குளிசைகளாயின் இரண்டையும் ஒருங்கே விழுங்கலாம். வெறுவயிறா நிறைவயிறா என்ற கேள்வி வேண்டாம். இரண்டு மணி நேரத்துள் வாந்தியெடுத்தால் மீண்டும் ஒருமுறை உட்கொள்ள வேண்டும். தலையிடி, சோர்வு, மார்பில் நோவு, இடையிலே சிறு இரத்தக் கசிவு ஆகியன சிலருக்கு வந்து இரண்டொரு நாளில் நீங்கும். பாலூட்டும் தாயும் இதனை உட்கொள்ளலாம். எனினும், காசநோய்க்குரிய ரிபாம்பிசினையோ வலிப்புக்குரிய பெனிற்றோயின், காபமசெப்பின் முதலியவற்றையோ உட்கொள்வோருக்கு இதன் பலன் குறையும். மிகுந்த உடற்பருமன் உடையோருக்கும் குறையக்கூடும். இவர்கள் வைத்தியரிடம் அதனைச் சொல்லியே ஆலோசனை பெறல் வேண்டும்.

இத்தகையோருக்கும், நேரம் பிந்தியோருக்கும் வேறொரு வழி உண்டு. நம் நாட்டுப் பெண்கள் லூப் என்று வழங்குகின்ற, செப்புக் கம்பி சுற்றிய சிறு சாதனத்தை ஐந்து நாட்களுக்குள் கருப்பையில் வைப்பித்தால், நூற்றுக்கு 99க்கு மேலாகப் பலன் உண்டு. அவசரக் கருத்தடைகளுள் மிக்க வலிமையுடையது இதுவே. மேலும், வைத்த பின் அதனை அகற்றும்வரை பல ஆண்டுகளுக்கு அதுவே கருத்தடையாகவும் நிற்கும். பயிற்சி பெற்றவர் வைக்க வேண்டுமாதலால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ அரசினர் வைத்தியசாலையையோ நாட வேண்டும். யுலிப்ரிஸ்டல் என்னும் வேறொரு குளிசை, 120 மணி நேரம் வரையும் பலன் தருவது, 2009 முதல் ஐரோப்பாவிற் பயன்பட்டு வருகின்றது.

மருந்து எளிது; வாங்குவதுதான் அரிது. போஸ்டினோருக்கு வைத்தியரின் சீட்டு வேண்டியதில்லை. ஆயினும், “என்ன வேணும், தங்கச்சி?” என்று கடைக்காரர் கேட்ட மாத்திரத்தே நாத்தழுதழுத்து, தலையிடிக் குளிசை இரண்டை வாங்கித் திரும்புவோரும் உண்டு. கடைக்காரரின் புருவம் சற்று உயர்வதே அவர்களுக்குப் பெருந் தண்டனை. கணவன்மார் இதனைத் தம் பொறுப்பென்று கொள்வாராயின் பாதித் தொல்லை தீரும். வீட்டுக்கு அரிசி வாங்க வெட்கப்படாதவர் இதற்கு வெட்கப்படுவானேன்? மருந்துக் கடையில் நிற்போரும், கேட்டவர் மணமானவரா என்று ஆராய்வதை விடுத்து, எத்தனை மணி நேரமாயிற்று, வேறு மருந்து ஏதும் உட்கொள்கின்றாரா என்ற இரண்டை மட்டும் தாழ்ந்த குரலிற் கேட்பாராயின் அதுவே பெரும் உதவி.

இந்தத் தயக்கத்தின் விலை சிறிதன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைப்படி, இந்நாட்டிலே தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றி வேறெக் காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பது குற்றமாகும். வன்முறையால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை. அதற்கு விலக்களிக்க 2017இல் எடுக்கப்பட்ட முயற்சி நிறைவேறவில்லை. குளிசை வாங்க வெட்கப்பட்ட பெண், இரண்டு மாதங் கழித்து, பெயர் தெரியாத ஓர் அறையிலே, தகுதியற்றவர் கையிலே தன் உயிரை ஒப்படைக்க நேர்கின்றது. கிருமி தொற்றியும் இரத்தம் இழந்தும் வைத்தியசாலைக்கு வந்து சேருவோரின் துன்பத்தை அங்கே பணி புரியும் தாதியர் நன்கறிவர். தடுப்பைக் கலைப்பென்று மயங்கி அஞ்சியவளே ஈற்றில் கலைப்பிற் போய் விழுவது எத்துணைக் கொடுமை!

வன்முறைக்கு ஆளானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்குக் குளிசை மட்டும் போதாது. பாலியல் நோய்களை இக்குளிசை தடுக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துள் தொடங்க வேண்டும். ஆகவே நேரே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பல வைத்தியசாலைகளில் மிதுரு பியச, நட்பு நிலையம் என்னும் பெயர்களில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் இயங்குகின்றன. பெண்பிள்ளைக்கு நேர்ந்ததை மறைக்க முயலும் பெற்றோர், மறைக்கும் அந்த மூன்று நாட்களிலேயே மருந்தின் காலத்தையும் சான்றுகளையும் இழந்துவிடுகின்றனர்.

குளிசையை உட்கொண்ட பின் செய்ய வேண்டியவையும் சில உள. நிகழ்ந்துவிட்ட உறவுக்கே அது காப்பு. அதற்குப் பின் நிகழ்வதற்கு அன்று. முட்டையின் வெளிப்பாடு தள்ளிப்போயிருப்பதால், அடுத்து வரும் நாட்களிலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. ஆதலால் வழமையான கருத்தடை முறை ஒன்றை அன்றே தொடங்கி, முதல் ஏழு நாட்களுக்கு ஆணுறையையும் பயன்படுத்த வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை உட்கொள்ள நேர்ந்தால் உடலுக்கு ஊறு விளையும், பிற்காலத்திற் பிள்ளைப்பேறு இல்லாது போகும் என்பன வீண் அச்சங்கள். மாதவிலக்கு முன்பின்னாகும், அவ்வளவே. எனினும் நாளாந்தக் காப்பாக இதனைக் கொள்வது கெட்டித்தனமன்று. ஏனைய முறைகள் இதனினும் நம்பத்தக்கவை, அரசினர் நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவை.

எதிர்பார்த்த நாளிலிருந்து ஒரு கிழமை கடந்தும் மாதவிலக்கு வரவில்லையாயின் சிறுநீரைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் கடுமையான நோவு தோன்றினால் ஒரு கிழமையும் காத்திராது உடனே வைத்தியரைக் காண வேண்டும். கிராமங்களிலே குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகின்றார். கைக்குழந்தையின் நிறையைக் குறித்துக்கொண்டு அவர் எழுமுன்னர், இவை பற்றிய ஐயங்களை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கேட்டதை வெளியிற் சொல்லாமை அவர் தொழிலின் கடமை.