ஊசல் நின்ற பின்னும் ஒலிக்கும் பாவை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும் கேட்டும் வந்துள்ள இவ்வட்டத்தின் விழாவில், அயல்நாட்டு விழாக்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சொங்கிரான் நீர்விழா, பத்துமலைத் தைப்பூசம், ஊரே ஓசையடங்கும் பாலித் தீவின் நியெப்பி நாள் என்று விழாக்களைத் தேடிப் பயணம் செய்வோர் இன்று பலர். அவற்றையெல்லாம் பட்டியலிட நான் வரவில்லை. நேரிற் கண்ட ஒரு சிறிய விழாவைப் பற்றியே பேச விழைகின்றேன். அது பாங்காக் நகரில் நடைபெறும் திரியம்பாவாய் – திரிபாவாய் விழா.

பெயரைக் கேட்ட அளவிலேயே உங்கள் முகங்கள் மலர்வதைக் காண்கிறேன். ஆம். திருவெம்பாவையும் திருப்பாவையுமே தாய்லாந்து மக்களின் நாவில் இவ்வாறு உருமாறி வழங்குகின்றன. குவாரிச் வேல்சு என்னும் ஆங்கில அறிஞர் 1931-இல் வெளியிட்ட சயாமிய அரசு விழாக்கள் பற்றிய நூலில் இவ்விழாவை விரிவாக எழுதினார். 1950-களில் தனிநாயக அடிகள் இதனைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். பன்மொழிப் புலவர் தெ.பொ.மீ. தனி நூலே எழுதினார். பேராசிரியர் ஜே. ஆர். மார் பாங்காக்கிலுள்ள கிரந்த எழுத்துச் சுவடிகளை ஆராய்ந்தார்.

இத்தொடர்பு வியப்புக்குரியதன்று. தென் தாய்லாந்தின் தக்குவா பா பகுதியிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகின்றது. வணிகர் சென்ற வழியே வழிபாடும், வழிபாட்டோடு பாட்டும் சென்றன. தாய்லாந்து அரசவை அந்தணர்கள் தம் முன்னோர் இராமேசுவரத்துப் பக்கமிருந்து வந்தவர் என்றொரு மரபுக் கதையைச் சொல்லி வருகின்றனர்.

முதலாம் இராமன் என்று வழங்கப்பெறும் மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கியபின், 1784-இல் அங்கே தேவத்தானம் என்னும் கோயிலும் அதனருகே ஒரு மாபெரும் ஊசலும் எழுந்தன. சிவபெருமான் ஆண்டுக்கொருமுறை பத்து நாள் மண்ணுலகிற்கு வருகின்றார். அவர் சென்றபின் திருமால் ஐந்து நாள் வருகின்றார் என்பது அவர்கள் நம்பிக்கை. இறைவனை வரவேற்க ஊசலாடுவர். நாகப்பட முடி அணிந்த இளைஞர் நந்நால்வராக ஏறி, வானளாவ வீசியாடி, மூங்கிற் கழியில் தொங்கும் வெள்ளிக்காசுப் பையைப் பல்லாற் கௌவ வேண்டும். ஈசனின் இடத்தில் அமர்த்தப்பெற்ற உயர் அலுவலர் ஒருவர், ஒரு காலை மடித்து மறு முழங்கால்மேல் வைத்தபடி அதனைப் பார்த்திருப்பார். 1935-இல் அந்த ஊசலாட்டம் நிறுத்தப்பட்டது. 2007-இல் புதுத் தேக்கு மரங்களால் ஊசற்கால்கள் மீண்டும் அமைக்கப்பெற்றன. ஆயினும் ஆட்டம் மீளவில்லை. இன்று வாகனங்கள் சூழ்ந்தோடும் வீதி நடுவே, செந்நிறத் தூண்கள் இரண்டும் பலகையின்றி உயர்ந்து நிற்கின்றன.

கோயிலினுள் நடக்கும் பாடல் வழிபாடு மட்டும் நிற்கவில்லை. அதனைக் கேட்கவே 2019 பொங்கல் விடுமுறையில் நான் அங்குச் சென்றேன். நம் ஊரில் திருவாதிரை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர்களுடைய திங்கட் கணக்கில் இரண்டாம் மாதத்து வளர்பிறை அப்போதுதான் வந்திருந்தது.

ஓர் உண்மையை மறைக்காமற் சொல்கிறேன். நான் ஆசிரியையின் செருக்கோடுதான் சென்றேன். கையில் திருவாசகம். முனைவர் பட்டம் பெற்றவள். திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் வகுப்பில் நடத்தியவள். அவர்கள் ஓதும்போது வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று எண்ணினேன். வெண்ணிற ஆடையும் கொண்டையுமாக அந்தணர்கள் ஓதத் தொடங்கினர். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஈறுகள் தேய்ந்திருந்தன; மெய்கள் மாறியிருந்தன; தாய் மொழிக்குரிய ஏற்ற இறக்கம் அனைத்தையும் வேறாக்கியிருந்தது. பக்கங்களைப் புரட்டிப் புரட்டி ஓய்ந்தேன். என் மொழி என் எதிரே ஒலிக்கின்றது, நானோ அயலாள்.

மறுநாள் மாலை நூலை எடுத்துச் செல்லவில்லை. கண்மூடிக் கேட்டேன். முதற்பாட்டின் முதற்சொல் தெளிவாகக் கேட்டதாகத் தோன்றியது. அது செவியின் கேள்வியா, நெஞ்சின் ஆவலா என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. வழிபாடு முடிந்ததும் அடியவர்க்குப் பொரியும் அவலும் வாழைப்பழமும் கரும்பும் வழங்கினர். கையில் விழுந்த அவலை வாயிலிட்டபோது கண் கலங்கியது. பாட்டில் புரியாத உறவு அந்தப் பொரியிலும் அவலிலும் புரிந்தது.

அன்பர்களே, ஊர் திரும்பியபின் என்னை விட்டு நீங்காத வினா இதுதான்: பொருள் தெரியாமல் ஓதிக் காத்தார்களே, அது காத்தலாகுமா? ஆகும் என்றே கருதுகின்றேன். பொருளறியாத நாவுகள் பல தலைமுறையாகச் சுமந்திராவிடில், திருவெம்பாவை கடல் கடந்தது என்பதற்கே சான்று குறைந்திருக்கும். ஆனால் அது பாதிக் காவல்தான். திருவெம்பாவை பெண்களின் பாட்டு. விடியலில் ஒருத்தி மற்றொருத்தியின் வாசலில் நின்று அழைப்பதும், உறங்குபவளை எள்ளி நகையாடுவதும், சேர்ந்து நீராடுவதுமே அதன் உயிர். பாங்காக் கோயிலில் நான் கேட்டவை ஆடவர் குரல்கள் மட்டுமே. ஒலி எஞ்சியது, தோழியர் கூட்டம் மறைந்தது.

இதனைக் குறையாகச் சொல்ல எனக்குத் தகுதியுண்டா? என் தெருவை எண்ணிப் பார்த்தேன். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி பாடுகின்றது. பொருள் தெரிந்த நாங்கள் போர்வைக்குள் இருக்கின்றோம். எந்த வாசலிலும் எந்தத் தோழியும் நின்று அழைப்பதில்லை. அங்கே பொருளின்றிப் பாடுகிறார்கள். இங்கே பொருளறிந்தும் பாடாதிருக்கின்றோம். பலகையற்ற அந்த ஊசற்காலை அந்நகரத்தில் மட்டும் நான் காணவில்லை.

விழாக்களைக் காண நெடுந்தொலைவு செல்வதன் பயன் இதுவே என்பேன். பிறர் கொண்டாடுவதைப் பார்க்கும்போது, நாம் கொண்டாட மறந்தது எது என்பது தெரிய வருகின்றது. படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர்க்கு இப்பயன் கிட்டுவதில்லை. ஓரிடத்தில் அமர்ந்து, புரியாததையும் பொறுமையோடு கேட்பவர்க்கே அது கிட்டும்.

ஆகவே பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். வரும் மார்கழியில் ஒரு விடியற்பொழுதேனும் நம் உறுப்பினரான பெண்கள் ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் நின்று அழைத்துக் கூடுவோம். இரு பாவைகளையும் பொருளுணர்ந்து, நம் வாயாற் பாடுவோம். கவிஞர்கள், இக்காலத் தோழியை எழுப்பும் புதிய பாவைப் பாட்டு ஒன்றை அன்று அரங்கேற்றட்டும். உறங்குபவள் யார், எழுப்புபவள் யார் என்பதை அக்கவிஞரே முடிவு செய்யட்டும். முதல் வாசலாக என் வீட்டு வாசலை வைத்துக்கொள்ளலாம். நான் எழுந்திருப்பேன் என்று உறுதி கூறுகின்றேன்.